தமனிப் படிவைப் படமெடுக்கும் பெப்டைடு: எந்த இலக்கிலிருந்து தொடங்குவது?

கேள்வி: நாஞ்சில் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் நாகர்கோவிலில் முதுநிலை வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். தமனிச் சுவரில் படியும் கொழுப்புப் படிவை, குறிப்பாக வெடிக்கும் நிலையை நெருங்கிவிட்ட படிவை, ஸ்கேனில் தனித்துக் காட்டும் ஒரு பெப்டைடை (இலக்குப் புரதத்தில் ஒட்டக்கூடிய சிறு அமினோ அமிலச் சங்கிலி) வடிவமைப்பதை ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். வழிகாட்டும் பேராசிரியர் சம்மதித்துவிட்டார். ஸ்கேனில் தெரிவதற்குப் பெரும்பாலும் பெப்டைடில் ஒரு கதிரியக்கத் தனிமத்தை ஏற்ற வேண்டும்; ஆனால் எங்கள் துறையில் கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் வசதி கிடையாது. விலங்கு ஆய்வுக்கும் வழியில்லை.

இந்தத் தலைப்பில் எனக்கு ஆர்வம் வந்த காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா மார்பு வலிக்காக ஆஞ்சியோகிராம் செய்துகொண்டபோது, பெரிய அடைப்பு ஒன்றும் இல்லை, மாத்திரை போதும் என்றார்கள். அடுத்த ஆண்டே அவருக்கு மாரடைப்பு வந்தது. உரிய நேரத்தில் கொண்டுபோனதால் பிழைத்துக்கொண்டார். மருத்துவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆஞ்சியோகிராம் தெளிவாக எடுக்கப்பட்டிருந்தும் வரவிருந்த ஆபத்து அதில் தெரியாமல் போனது எப்படி என்பதுதான் அன்றுமுதல் என் மனத்தில் இருக்கும் கேள்வி.

படித்த வரையில், இலக்காகப் பல புரதங்கள் சொல்லப்படுகின்றன. அழற்சியுற்ற இரத்தக்குழாயின் உட்சுவரில் தோன்றும் விகேம்-1, புதிதாக முளைக்கும் நுண்குழாய்களில் காணப்படும் ஆல்ஃபா-வி பீட்டா-3 இன்டெக்ரின், மேக்ரோபேஜ் விழுங்கணுக்களின் மேல் இருக்கும் சோமாடோஸ்டேட்டின் ஏற்பி, உயிரணுக்கள் அழற்சி இடத்துக்கு வந்து சேர உதவும் சிஎக்ஸ்சிஆர்-4, உறைந்த இரத்தத்தில் இருக்கும் ஃபைப்ரின் ஆகியவை அவற்றுள் சில. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெப்டைடு இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையும் தன் பெப்டைடு நன்றாக வேலை செய்வதாகவே முடிகிறது. அப்படியானால் இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? இத்தனை ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் இதய மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் பெப்டைடு ஏன் ஒன்றுகூட இல்லை? கதிரியக்கம் இல்லாத ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இந்த வேலையின் எந்தப் பகுதியையாவது நேர்மையாகச் செய்ய முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: தக்கலை இதயநோய் மருத்துவர்

உங்கள் பெரியப்பா நலமாக இருப்பது மகிழ்ச்சி. முதலில் உங்கள் மனத்தில் இருக்கும் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஆய்வுத் திட்டத்தின் அடித்தளமும் அதில்தான் இருக்கிறது.

ஆஞ்சியோகிராம் காட்டுவது குழாயின் உட்புறத்தில் இரத்தம் ஓடும் வழியை மட்டுமே. சுவரை அது காட்டாது. சுவருக்குள் படிவு வளரும்போது, குழாய் தன் வெளிச்சுற்றை விரித்துக்கொடுத்து, உள்வழி குறுகாதபடி நெடுநாள் சமாளிக்கிறது. இதை 1987-ஆம் ஆண்டு கிளாகோவும் அவருடைய குழுவினரும் இறந்தவர்களின் இதயத் தமனிகளை அளந்து காட்டினார்கள். சுவரின் உள்நெகிழ்படலம் என்னும் மெல்லிய உறை சூழ்ந்த பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் படிவு பிடித்துக்கொண்ட பிறகே உள்வழி குறுகத் தொடங்குகிறது. ஆகவே உள்வழி நன்றாக இருப்பதால் சுவரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அடுத்த ஆண்டே வெளிவந்த ஆஞ்சியோகிராம் ஆய்வுகள், பின்னாளில் மாரடைப்பை உண்டாக்கிய இடங்களில் பல, முந்தைய படத்தில் பாதி அளவுகூட அடைபடாதவையாக இருந்ததைக் காட்டின.

ஆபத்தான படிவை அதன் பருமனைக் கொண்டு மட்டும் அடையாளம் காண முடியாது; அதன் அமைப்பையும் பார்க்க வேண்டும். உள்ளே கொழுப்பு நிறைந்த மென்மையான கரு, அதன்மேல் 65 மைக்ரோமீட்டருக்கும் மெல்லிய நார் மூடி, மூடியை அரிக்கும் நொதிகளைச் சுரந்துகொண்டிருக்கும் மேக்ரோபேஜ்கள் ஆகிய மூன்றும் சேர்ந்த படிவைத்தான் நாங்கள் அஞ்சுகிறோம். மூடி கிழிந்தால் கரு இரத்தத்தைத் தொடும்; சில நிமிடங்களில் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடும்.

ஓர் இதயநோய் மருத்துவராக உங்களிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் பெப்டைடு காட்டும் படத்தைப் பார்த்து நான் எந்த முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும்? நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் உள்ள ஒருவருக்கு, படம் என்ன சொன்னாலும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை கொடுக்கத்தான் போகிறேன். மேலும், சிடி முறையில் எடுக்கும் இதயத் தமனிப் படம் இப்போது சுவரையும் ஓரளவு காட்டுகிறது. ஸ்காட்லாந்தில் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், அந்தப் படத்தையும் சேர்த்துப் பார்த்துச் சிகிச்சை அளித்த நோயாளிகளிடையே, இதயத் தமனி நோயால் வரும் இறப்பும் உயிர் போகாத மாரடைப்பும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளில் 2.3 விழுக்காடாக இருந்தன. வழக்கமான முறையில் மட்டும் கவனிக்கப்பட்டவர்களிடம் அது 3.9 விழுக்காடு. எளிதாகக் கிடைக்கும் இந்தச் சோதனையைவிடக் கூடுதலாக எதைச் சொல்கிறது என்பதை ஒவ்வொரு புதிய படமெடுப்புப் பொருளும் நிரூபித்தாக வேண்டும்.

அதற்காக இந்த முயற்சி தேவையற்றது என்று நான் கருதவில்லை. கொழுப்பைக் குறைத்தும் அழற்சி அடங்காத நோயாளிகள் இருக்கிறார்கள். அழற்சியை மட்டும் தணிக்கும் கேனகினுமேப் மருந்து இதய நிகழ்வுகளைக் குறைத்ததை 2017-இல் கேன்டோஸ் ஆய்வு காட்டியது. பின்னர் குறைந்த அளவு கோல்சிசினும் அந்த வரிசையில் சேர்ந்தது. இத்தகைய மருந்து யாருக்குத் தேவை, கொடுத்த பின் படிவு உண்மையில் அடங்குகிறதா என்று பார்த்துச் சொல்லும் கருவி எங்களிடம் இல்லை. அந்த இடத்தில் உங்கள் பெப்டைடுக்கு வேலை இருக்கிறது.

பதில்: குழித்துறை வேதியியலர்

நான் குழித்துறையைச் சேர்ந்தவன். இப்போது வெளிமாநிலத்தில் அணுமருத்துவத் துறை ஒன்றில் கதிரியக்க மருந்துகளைத் தயாரிக்கும் பணியில் இருக்கிறேன். மருத்துவர் எழுதியதை நான் முழுமையாக ஏற்கிறேன். எங்கள் துறையில் பெரும்பாலும் முதலில் ஒரு பெப்டைடைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு அதற்கு ஒரு நோயைத் தேடுகிறார்கள். நீங்கள் கேள்வியிலிருந்து இலக்குக்கும், இலக்கிலிருந்து பெப்டைடுக்கும் போக வேண்டும்.

இதுவரை மனிதர்களின் தமனிகளில் பார்க்கப்பட்டவற்றை வைத்தே விளக்குகிறேன். இந்தத் துறையில் முதலில் வந்தது பெப்டைடு அன்று. கதிரியக்கம் ஏற்றிய, சர்க்கரையைப் போன்ற எஃப்டிஜி மூலக்கூறு. பசியுள்ள மேக்ரோபேஜ்கள் அதை உள்வாங்குவதால் கழுத்துத் தமனிப் படிவுகள் பெட் ஸ்கேனில் (உடலுக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருள் இருக்கும் இடத்தைப் படமாக்கும் முறை) ஒளிர்வதை 2002-இல் கேம்பிரிட்ஜ் குழு காட்டியது. ஆனால் இதயத் தசையும் அதே சர்க்கரையை ஏராளமாக உண்ணும். அந்த ஒளிக்கு நடுவே இதயத் தமனியின் படிவைப் பார்க்க முயல்வது, முட்டம் கலங்கரை விளக்கத்தின் ஒளிவீச்சுக்குள் நின்றுகொண்டு கட்டுமரத்தின் அரிக்கேன் விளக்கைத் தேடுவதற்கு ஒப்பானது. நோயாளியை மாவுச்சத்து இல்லாத உணவில் வைத்து, நீண்ட நேரம் பட்டினி போட்டாலும் இது முழுமையாகச் சரியாவதில்லை.

அதே கேம்பிரிட்ஜ் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு மிகவும் உதவும். கதிரியக்கத் தனிமமான காலியம்-68 ஏற்றிய டோட்டாடேட் என்னும் பெப்டைடை 42 பேருக்குச் செலுத்தி, எஃப்டிஜி படத்துடன் ஒப்பிட்டார்கள். எஃப்டிஜி படங்களில் 64 விழுக்காட்டினருடைய இதயத் தமனிகளை, தசையின் ஒளி மறைத்ததால் படிக்கவே முடியவில்லை. டோட்டாடேட் அந்தச் சிக்கலைத் தரவில்லை. காரணம், அது தேடிப் பிடிக்கும் சோமாடோஸ்டேட்டின் இரண்டாம் வகை ஏற்பி அழற்சி நிலையில் உள்ள மேக்ரோபேஜ்களின் மேல் இருக்கிறது. இதயத் தசையில் பெரிதாக இல்லை. இந்தப் பெப்டைடு இதயத்துக்காக உருவாக்கப்பட்டதன்று என்பதையும் கவனியுங்கள். நரம்புநாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளைக் காட்டுவதற்காக ஏற்கெனவே மருத்துவமனைகளில் இருந்தது. அமெரிக்காவில் அந்தப் பயனுக்கு 2016-இல் அனுமதி கிடைத்தது. அதனால்தான் மனிதர்களின் தமனிகளுக்கு அவ்வளவு விரைவாக வந்து சேர முடிந்தது.

மற்ற இலக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமில வரிசை இன்டெக்ரின்களைப் பிடிக்கும் என்பது 1984-இல் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் காட்டியது. அந்த வரிசையை வளையமாக்கிச் செய்த பெப்டைடுகள் மனிதக் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் சோதிக்கப்பட்டுள்ளன. சிஎக்ஸ்சிஆர்-4 ஏற்பிக்கு ஐந்து அமினோ அமில வளையமான பென்டிக்ஸாஃபோர் இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பி படிவில் பல வகை உயிரணுக்களில் காணப்படுவதால், கிடைக்கும் ஒளி எந்த உயிரணுவிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஃபைப்ரினுக்கு இபி-2104ஆர் என்ற பெப்டைடு வந்தது. அது எம்ஆர்ஐ முறைக்கானது. எம்ஆர்ஐ-யின் உணர்திறன் குறைவு என்பதால் ஒரே பெப்டைடில் நான்கு கேடோலினியம் உலோக அணுக்களைத் தொங்கவிட்டார்கள். மனிதர்களில் இரண்டாம் கட்டச் சோதனை வரை சென்றது. மருந்துச் சந்தைக்கு வரவில்லை. தவிரவும், ஃபைப்ரின் காட்டுவது ஏற்கெனவே உறைந்த இரத்தத்தை. பக்கவாதம் வந்தவருக்கு இரத்தக்கட்டி எங்கிருந்து புறப்பட்டது என்று தேட அது உதவும். நாளை வெடிக்கப்போகும் படிவை முன்கூட்டிக் காட்டாது.

மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் பெப்டைடு ஏன் இல்லை என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இயற்பியலில் இருக்கிறது. இதயத் தமனியின் விட்டம் மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர்; படிவு அதைவிடச் சிறியது. பெட் ஸ்கேன் கருவி பிரித்துக் காட்டும் எல்லையே நான்கைந்து மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. அந்தச் சிறு புள்ளியின் ஒளி சுற்றிலும் கசிந்து பரவி, உண்மையில் இருப்பதைவிட மங்கலாகத் தெரியும். போதாக்குறைக்கு, இதயம் துடிக்கிறது. மூச்சுக்கு மார்பு ஏறி இறங்குகிறது. கட்டி ஒன்றைக் காட்ட வேண்டிய பெப்டைடுக்குச் சில சென்டிமீட்டர் அகல இலக்கு கிடைக்கிறது. நமக்குக் கிடைப்பது ஒரு மெல்லிய சுவர், அதிலும் உயிரணுக்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே ஒட்டும் திறன் மட்டும் போதாது. ஒட்டாத பெப்டைடு முழுவதும் இரத்தத்திலிருந்து விரைவாக வெளியேற வேண்டும். தமனிக்குள் ஓடும் இரத்தமே நம் படத்தின் பின்னணி ஒளி என்பதை மறந்துவிடக் கூடாது.

நாஞ்சில் மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் ஐயாவின் கேள்வியை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு ஐயம். இரத்தத்திலிருந்து விரைவாக வெளியேற வேண்டும் என்கிறீர்கள். அதே நேரத்தில் இரத்தத்தில் உள்ள நொதிகள் பெப்டைடை வெட்டிவிடும் என்றும் படித்தேன். இலக்கை அடையும் வரை உடையாமல் இருந்து, அடைந்த பிறகு மிச்சம் மட்டும் போய்விட வேண்டும் என்றால், இரண்டையும் ஒரே மூலக்கூறில் எப்படிக் கொண்டுவருவது? எதிர்ப்பான் புரதங்களைப் பயன்படுத்தினால் இன்னும் உறுதியாக ஒட்டுமே, பெப்டைடு எதற்கு? எனக்கு விகேம்-1 மீது நாட்டம் இருக்கிறது; ஏனென்றால் அது இரத்தத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் உட்சுவரில் இருப்பதால், பெப்டைடு சுவரை ஊடுருவிச் செல்ல வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

பதில்: குழித்துறை வேதியியலர்

கடைசியில் சொன்ன காரணம் சரியானது. இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் அதை எண்ணிப் பார்ப்பதில்லை.

எதிர்ப்பானைப் பற்றி முதலில். அதன் நிறை ஏறத்தாழ 150 கிலோடால்டன். இரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் மூன்று வாரம். அதை ஒட்டிய படம் தெளிய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். நீண்ட ஆயுள் கொண்ட கதிரியக்கத் தனிமத்தை ஏற்ற வேண்டும். நோயாளிக்குக் கதிர்வீச்சும் கூடும். பெப்டைடு ஓரிரு கிலோடால்டன் அளவே இருப்பதால் சிறுநீரகம் அதை வடிகட்டி அனுப்பிவிடுகிறது. காலை ஊசி போட்டு, ஒரு மணி நேரத்தில் படமெடுத்து, நோயாளி மதியப் பேருந்தில் மார்த்தாண்டத்துக்குத் திரும்பிவிடலாம். காலியம்-68-இன் அரை ஆயுள் 68 நிமிடம். பெப்டைடின் வேகமும் தனிமத்தின் வேகமும் பொருந்துகின்றன.

நொதிக்குத் தப்புவதற்கும் விரைவாக வெளியேறுவதற்கும் முரண்பாடு இல்லை. நொதி வெட்டுவது பிணைப்பின் வடிவத்தைப் பார்த்து. சிறுநீரகம் வடிகட்டுவது அளவையும் மின்சுமையையும் பார்த்து. இதற்கு ஆக்ட்ரியோடைடைவிடச் சிறந்த பாடம் இல்லை. உடலில் இயற்கையாக உள்ள சோமாடோஸ்டேட்டின் 14 அமினோ அமிலங்கள் கொண்டது. இரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடங்களில் பாதியாகிவிடும். ஏற்பியைப் பிடிப்பதற்குத் தேவையான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு எட்டாகக் குறைத்து, இரண்டு இடங்களில் வலஞ்சுழி வடிவ அமினோ அமிலங்களை (இயற்கைப் புரதங்களில் உள்ள வடிவத்தின் கண்ணாடி பிம்பம்) புகுத்தி, இரண்டு சிஸ்டைன்களைக் கந்தகப் பாலத்தால் வளைத்துக் கட்டி, கடைசி முனையில் கார்பாக்சிலுக்குப் பதிலாக ஆல்கஹால் வைத்தபோது, அது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்றது. டோட்டாடேட் இந்த மூலக்கூறின் வழித்தோன்றல்தான். அதில் மூன்றாம் இடத்தில் டைரோசின், முனையில் மீண்டும் அமிலம், தொடக்கத்தில் உலோகத்தைப் பிடிக்கும் டோட்டா என்னும் கொடுக்கு இணைப்பு ஈனி ஆகியவை இருக்கும்.

விகேம்-1 பக்கம் வருவோம். ஃபேஜ் வெளிக்காட்டல் முறையை ஜார்ஜ் ஸ்மித் 1985-இல் உருவாக்கினார். 2018-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. நுண்கிருமிகளைத் தாக்கும் வைரஸ்களின் மேலுறையில் கோடிக்கணக்கான வெவ்வேறு பெப்டைடுகளைத் தோன்றவைத்து, இலக்கில் ஒட்டியவற்றை மட்டும் எடுத்துப் பெருக்கி, மறுபடி ஒட்டவைத்து, வென்றவற்றின் வரிசையைப் படிப்பது அதன் செய்முறை. பாஸ்டனில் இருந்த குழு இந்த முறையைத் தமனிப் படிவு உள்ள எலிகளிலேயே நடத்தி, வேலின், ஹிஸ்டிடின், புரோலின், லைசின், குளுட்டமின், ஹிஸ்டிடின், ஆர்ஜினின் என்ற ஏழு அமினோ அமில வரிசையைத் தேர்ந்தெடுத்தது. அது 2006-இல் வெளிவந்தது. விகேம்-1-ஐ இயற்கையில் பற்றும் விஎல்ஏ-4 புரதத்தின் ஒரு பகுதியை அந்த வரிசை ஒத்திருந்தது. தனி இழை பலமாக ஒட்டாததால், பின்னர் அதே வரிசையை நான்கு கைகளாகக் கிளைக்கவைத்து, புளோரின்-18 ஏற்றிய வடிவத்தையும் செய்தார்கள்.

இதில் உங்களுக்கு நல்ல வேதியியல் கேள்வி காத்திருக்கிறது. அந்த வரிசை நேர்கோட்டு வடிவில் உள்ளது. நடுவில் லைசினும் கடைசியில் ஆர்ஜினினும் இருப்பதால் டிரிப்சின் வகை நொதிகளுக்கு இலகுவான இரை. இரு முனைகளையும் மூடினால் எவ்வளவு தாங்கும்? வளையமாக்கினால் தாங்குமா, அப்போது ஒட்டும் திறன் போய்விடுமா? லைசினை வலஞ்சுழி வடிவமாக மாற்றினால் என்ன ஆகும்? இவற்றுக்கு விடை காணக் கதிரியக்கமும் வேண்டாம், எலியும் வேண்டாம்.

எலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அப்போ-இ மரபணு நீக்கிய எலிகளில் படிவு நன்றாக வளரும், ஆனால் மனிதர்களில் நேர்வது போல அது வெடிப்பது அரிது. எலியின் புரதத்துக்கு ஒட்டுவது மனிதப் புரதத்துக்கும் அதே பலத்தில் ஒட்டும் என்ற உறுதியும் இல்லை. வெற்றிக் கட்டுரைகள் பல இங்கேயே நின்றுபோயின. ஆகவே முதல் நாளிலிருந்தே மனிதப் புரதத்தில் சோதியுங்கள்.

மணவாளக்குறிச்சி வாசகர்

நான் அறிவியல் படித்தவன் அல்லன். ஆர்வத்தால் இதைப் படித்துக்கொண்டு வருகிறேன். எங்கள் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதும், அதிலுள்ள தோரியத்தால் இங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக இருப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அப்படிப்பட்ட ஊரில் வாழ்பவர்களுக்கு, உடம்புக்குள் கதிரியக்கப் பொருளையும் செலுத்துவது தகுமா? நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் இதைச் செய்யலாமா?

பதில்: தக்கலை இதயநோய் மருத்துவர்

நியாயமான கேள்வி, ஐயா. உலக அளவில் ஒரு மனிதர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு) பெறுகிறார். மோனசைட் மணல் உள்ள கடற்கரைகளில் அது பல மடங்காகும். ஓர் எஃப்டிஜி பரிசோதனையில் பெட் பகுதி மட்டும் ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட் தருகிறது. காலியம்-68 பெப்டைடுகள் பொதுவாக அதைவிடக் குறைவு. உடன் எடுக்கும் சிடி படத்தின் அளவு தனி. சிறுநீரில் போய்விடுவதாலும், காலியம்-68 சில மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடுவதாலும், வீட்டுக்குத் திரும்பியவரால் மற்றவர்களுக்கு இடர் இருக்காது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வோம்.

ஆனால் உங்கள் கேள்வியின் உட்பொருளை நான் மதிக்கிறேன். நோய்க்குறி ஏதும் இல்லாத ஒருவருக்கு, தெரிந்துகொள்ளலாமே என்பதற்காக இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்போ தற்காலிகப் பக்கவாதமோ வந்து, அடுத்த சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கும் நோயாளிக்குத்தான் அந்தக் கதிர்வீச்சுக்கு ஈடான பலன் கிடைக்கும். எந்த ஊரில் பிறந்தார் என்பதை வைத்து அந்தக் கணக்கு மாறாது.

மாணவிக்கும் இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். முதலில் கழுத்துத் தமனியை மனத்தில் வைத்து வேலை செய்யுங்கள். அது இதயத் தமனியைவிடப் பருத்தது, துடிக்கும் தசையில் ஒட்டியிருக்கவில்லை, தோலுக்கு அருகில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பக்கவாத ஆபத்து உள்ளவர்களுக்கு அறுவை மருத்துவர்கள் அந்தப் படிவையே வெட்டி எடுக்கிறார்கள். படத்தில் ஒளிர்ந்த இடத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று நுண்ணோக்கியில் சரிபார்க்கும் வாய்ப்பு இதயத் தமனியில் கிடைப்பது அரிது.

பதில்: குழித்துறை வேதியியலர்

திட்டத்தின் வடிவத்தை நான் எண்ணிப் பார்த்த வகையில் எழுதுகிறேன். உங்கள் பேராசிரியரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

மெரிஃபீல்டு 1963-இல் அறிமுகப்படுத்திய திண்மநிலைத் தொகுப்பு முறையில் இந்த ஏழு அமினோ அமில வரிசையைச் சாதாரணக் கண்ணாடிப் பாத்திரத்தில் கையாலேயே செய்யலாம். தானியங்கி இயந்திரம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ரிங்க் அமைடு ரெசின் எடுத்துக்கொண்டால் கடைசி முனை தானாகவே அமைடாகிவிடும். எஃப்மாக் காப்புத் தொகுதியை டிஎம்எஃப் கரைப்பானில் 20 விழுக்காடு பைப்பெரிடின் கொண்டு நீக்கி, அடுத்த அமினோ அமிலத்தை இணைத்து, இணைப்பு முழுமையா என்று நிறத்தால் காட்டும் நின்ஹைட்ரின் சோதனையைப் புரோலின் தவிர்த்த ஒவ்வொரு படியிலும் செய்து பாருங்கள். ஹிஸ்டிடின் இரண்டு முறை வருகிறது. இணைக்கும்போது அதன் வலஞ்சுழி இடஞ்சுழி அமைப்பு கலங்கிவிடும் இயல்பு உண்டு என்பதால் அந்தப் படிகளைச் சூடுபடுத்தாமல் செய்வது நல்லது. கடைசியாக ஓர் இடைவெளி மூலக்கூறை வைத்து அதன்மேல் டோட்டாவைச் சேர்க்கலாம்.

அடுத்ததாகச் சொல்வதுதான் உங்களுக்குப் பெரிதும் பயன்படும். காலியம்-68-க்குப் பதிலாக இயற்கைக் காலியம் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியலில் இரண்டும் ஒன்றே. மருத்துவமனையில் நாங்கள் செய்வது போலவே, பிஎச் (pH) அளவு நான்குக்குச் சற்றுக் கீழே இருக்கும் அமிலக் கரைசலில், 95 பாகை செல்சியஸில் சுமார் பத்து நிமிடம் சூடுபடுத்தினால் உலோகம் டோட்டாவுக்குள் போய் அமரும். மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் நிறை ஏறத்தாழ 66 அலகு கூடும். காலியத்துக்கு 69, 71 என இரண்டு நிலையான ஓரிடத்தான்கள் அறுபதுக்கு நாற்பது என்ற விகிதத்தில் இருப்பதால், இரண்டு அலகு இடைவெளியில் இரட்டை உச்சி தோன்றும். அதைப் பார்த்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. இரும்பும் துத்தநாகமும் டோட்டாவுக்குப் போட்டியாக வரும் என்பதால் உலோகக் கரண்டியைப் பயன்படுத்தாதீர்கள். பிளாஸ்டிக் குழாய்களும் தூய நீரும் வேண்டும்.

அதன் பிறகு மனித இரத்தச் சீரத்தில் 37 பாகையில் வைத்து, இரண்டு மணி நேரம் வரை அவ்வப்போது சிறிது எடுத்து, அசிட்டோநைட்ரைலால் புரதத்தை வீழ்ப்படிவாக்கி, கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் எவ்வளவு உடையாமல் இருக்கிறது என்று பாருங்கள். காலியம்-68 கொண்டு எடுக்கும் படம் அதற்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் அளப்பதில் பொருள் இல்லை. மூல வரிசை, முனை மூடிய வடிவம், வலஞ்சுழி லைசின் கொண்ட வடிவம், வளைய வடிவம் என்று நான்கை மட்டும் ஒப்பிடுங்கள். ஐந்தாவதாக, அதே அமினோ அமிலங்களை இடம் மாற்றிக் கலைத்த ஒரு பெப்டைடைக் கட்டாயம் செய்யுங்கள். அது இல்லாமல், ஒட்டியது வரிசையினாலா, வெறும் நேர்மின்சுமையினாலா என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்வுக்குழுவில் நான் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.

ஒட்டும் திறனுக்கு, உயிரணு வளர்ப்பு உள்ள ஓர் ஆய்வகத்தின் துணை தேவைப்படும். தொப்புள்கொடி நாளத்திலிருந்து எடுத்த உட்சுவர் அணுக்களுக்கு அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப்-ஆல்ஃபா கொடுத்தால் சில மணி நேரத்தில் விகேம்-1 மேலே வரும்; கொடுக்காத அணுக்களில் மிகக் குறைவாகவே இருக்கும். ஒளிரும் சாயம் ஏற்றிய உங்கள் பெப்டைடு முதல் தட்டில் ஒட்டி, இரண்டாவதில் ஒட்டாமல், சாயமில்லாத பெப்டைடை மிகுதியாகச் சேர்க்கும்போது முதல் தட்டிலிருந்தும் விலகினால், உங்களிடம் ஒரு நல்ல முடிவு இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் பாப்பனம்கோட்டில் நிஸ்ட் (NIIST) என்னும் தேசிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா நிலையமும் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் இருக்கின்றன. பேராசிரியரின் கடிதத்துடன், நான்கு பெப்டைடுகளின் எச்பிஎல்சி படங்களையும் கையில் வைத்துக்கொண்டு எழுதிக் கேளுங்கள். தூய பொருளோடு வருபவருக்கு உதவ ஆய்வாளர்கள் தயங்குவது குறைவு.

நாஞ்சில் மாணவி

விகேம்-1 என்றே முடிவு செய்துவிட்டேன், ஐயா. முன்மொழிவில் கேள்வியை இப்படி எழுதியிருக்கிறேன்: "கழுத்துத் தமனிப் படிவின் உட்சுவர் அழற்சி, சிகிச்சைக்குப் பின் அடங்குகிறதா என்று ஒரே நாளில் பார்த்துச் சொல்வதற்கு ஏற்ற அளவு, சீரத்தில் இரண்டு மணி நேரம் தாங்கும் பெப்டைடு எது?" மருத்துவர் ஐயா இதை ஏற்றுக்கொள்வாரா? சீரத்துக்கு இரத்தம் தருபவர்களிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பேராசிரியர் சொல்கிறார். அதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவைதானா?

பதில்: தக்கலை இதயநோய் மருத்துவர்

கேள்வி நன்றாக இருக்கிறது. "அடங்குகிறதா" என்பதுடன் "எந்த மருந்துக்கு" என்பதையும் சேர்த்துவிடுங்கள். கோல்சிசின் என்று குறிப்பிட்டால் படிப்பவருக்கு நோக்கம் உடனே விளங்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. மனித இரத்தம் எவ்வளவு குறைவாக எடுக்கப்பட்டாலும் அது பொருந்தும். விலைக்குக் கிடைக்கும் மனிதச் சீரத்தை வாங்கிப் பயன்படுத்தினால் நடைமுறை எளிதாக இருக்கலாம். அதையும் குழுவுக்குத் தெரிவித்துவிட்டே தொடங்குங்கள். விண்ணப்பத்தை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். குழு கூடுவதற்குள் தொகுப்பு வேலையை முடித்துக்கொள்ளலாம்.